வெயிலில் மறந்த வேட்டி

கல்யாணப் பந்தியில் வெள்ளை வேட்டியில் சாம்பார் சிந்தாமல் எழுந்து வருகிறவர்கள் குறைவு. வீட்டுக்கு வந்ததும் கறை மேல் சோப்பைத் தேய்ப்பார்கள். மஞ்சளாக இருந்த இடம் சட்டென்று செங்கல் நிறத்துக்கு மாறும். கறை முற்றிவிட்டதென்று பதறி இன்னும் அழுத்தித் தேய்ப்பார்கள், துணிதான் நையும். கடைசியில் அலுத்துப்போய், அலசி மொட்டை மாடிக் கொடியில் போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். இரண்டு நாள் வெயில் தின்ற பிறகு எடுத்துப் பார்த்தால் கறை எங்கே இருந்தது என்று தேட வேண்டியிருக்கும்.

ஈரோட்டு மஞ்சள் புழங்கும் கொங்கு நாட்டில் இது ரகசியமே அல்ல. "வெயில்ல போடுங்க, போயிரும்" என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஏன் போகிறது, எப்போது போகாது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

மஞ்சளுக்கு நிறம் தருவது குர்குமின் என்ற பொருள். காரம் பட்டால் அது சிவக்கும், புளிப்புப் பட்டால் மறுபடி மஞ்சளாகும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரோடு துளி சுண்ணாம்பைச் சேர்த்ததும் சிவப்பது இதனால்தான். மஞ்சளிலிருந்து குங்குமம் செய்வதும் இந்த வழியில்தான். துணி சோப்பு காரத்தன்மை உள்ளது என்பதால் கறை சிவக்கிறது. நல்ல தண்ணீரில் நன்றாக அலசினாலோ, ஒரு சொட்டு எலுமிச்சை பிழிந்தாலோ பழைய மஞ்சளுக்கே திரும்பிவிடும். பதற வேண்டியதில்லை.

வெயில் செய்வது வேறு வேலை. குர்குமினுக்கு வெளிச்சம் ஆகாது. சூரிய ஒளி பட்டால், அதிலும் புற ஊதாக் கதிர் பட்டால், அதன் மூலக்கூறு உடைந்து நிறமில்லாத துண்டுகளாகிவிடும். அதாவது கறை துணியை விட்டுப் போவதில்லை. நிறத்தை இழந்து அங்கேயே அழிகிறது. மஞ்சள் தூளைக் கண்ணாடி பாட்டிலில் போட்டு சன்னல் ஓரம் வைத்தால் சில வாரங்களில் வெளுத்துப்போவதும் இதே காரணத்தால்தான். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஈரோட்டு மஞ்சளாக இருந்தாலும் வெயிலுக்கு அது தெரியாது. தூளை இருட்டான டப்பாவில் வையுங்கள்.

காரணம் புரிந்ததும் குறிப்பின் எல்லையும் தெரிந்துவிடுகிறது. சாம்பாரில் மஞ்சள் மட்டுமா இருக்கிறது? எண்ணெயும் இருக்கிறது. வெயில் எண்ணெயை எடுக்காது. எடுக்காதது மட்டுமல்ல, காயக் காய எண்ணெய் துணியில் இறுகிக்கொள்ளும். ஆகவே முதலில் பாத்திரம் கழுவும் சோப்பால் பிசுக்கை எடுத்துவிட்டு, ஈரத்தோடு வெயிலில் போட வேண்டும். சாயம் போட்ட துணிக்கும் பட்டுக்கும் இந்த வழி வேண்டாம். கறையின் நிறத்தோடு துணியின் நிறமும் வெளுக்கும். மிக்ஸி மூடி, பிளாஸ்டிக் டப்பா போன்றவற்றில் ஏறிய மஞ்சளுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. குர்குமின் தண்ணீரில் சரியாகக் கரையாது, எண்ணெயில் கரையும், எண்ணெயோடு பிளாஸ்டிக்குக்குள் இறங்கிவிடும். தேய்த்துப் பயனில்லை, வெயிலில் வைத்தால் போதும்.

வீட்டுக் குறிப்புகளில் பாதி இப்படி மறதியிலும் கைத்தவறலிலும் பிறந்தவைதான். யார் முதலில் கண்டார் என்று கேட்டால் அமுச்சி சொன்னது, அத்தை வீட்டில் பார்த்தது என்பதோடு விசாரணை முடிந்துவிடும். வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றில் இதே மாதிரி நடந்த ஒரு கைத்தவறலுக்கு மட்டும் பெயரும் வருஷமும் இருக்கின்றன. 1953-ல் அமெரிக்காவின் த்ரீ எம் நிறுவனத்தில் விமான எரிபொருள் குழாய்க்கான ரப்பரைத் தேடிக்கொண்டிருந்தபோது, ஒரு உதவியாளரின் கான்வாஸ் ஷூவில் ஒரு ரசாயனம் சிந்தியது. கழுவினார்கள், போகவில்லை. நாளாக ஆக ஷூ முழுவதும் அழுக்கேற, சிந்திய இடம் மட்டும் வெள்ளையாகவே இருந்தது. பாட்ஸி ஷெர்மன் என்ற வேதியியலாளர் அதைக் கவனித்தார். அவரும் சாமுவேல் ஸ்மித்தும் சேர்ந்து அதைத் துணியில் அழுக்கு ஒட்டாமல் காக்கும் பூச்சாக மாற்றினார்கள். 1956-ல் ஸ்காட்ச்கார்ட் என்ற பெயரில் கடைக்கு வந்தது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது சிந்திய இடமல்ல, சிந்தாத இடம். ஷூ முழுக்க ரசாயனம் கொட்டியிருந்தால் யாரும் ஒன்றும் கவனித்திருக்க மாட்டார்கள். பக்கத்திலேயே ஒப்பிட ஒரு பாதி இருந்ததால்தான் தற்செயல் கண்டுபிடிப்பானது. கதைக்கு ஒரு வாலும் உண்டு. அந்தப் பூச்சில் இருந்த பிஎஃப்ஓஎஸ் வகை வேதிப்பொருள் மண்ணிலும் மனித ரத்தத்திலும் அழியாமல் தங்குவது தெரிந்து, 2000-ல் அந்த நிறுவனமே அதைக் கைவிடுவதாக அறிவித்தது. கறை ஒட்டாமல் இருந்தது உண்மை. விலை வேறு இடத்தில் எழுதப்பட்டிருந்தது, அவ்வளவுதான்.

இனி நம் ஊர்த் தண்ணீருக்கு வருவோம். கோயமுத்தூர் வீட்டுக் குறிப்புகளில் பெரும்பாலானவற்றுக்குத் தாய் அதுதான்.

இங்கே பல வீடுகளில் இரண்டு தண்ணீர் உண்டு. ஒன்று குழாயில் வரும் நல்ல தண்ணி: சிறுவாணி அல்லது அத்திக்கடவு. மற்றது போர் தண்ணி, அதாவது உப்புத் தண்ணி. சிறுவாணி உலகத்திலேயே இரண்டாவது சுவையான தண்ணீர் என்று ஊரில் குழந்தைகூடச் சொல்லும். இந்தப் பட்டியலைப் போட்டது யார், முதலிடம் எந்த ஊருக்கு என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். பட்டியல் கிடக்கட்டும். பாலக்காடு மாவட்ட மலைக்காட்டில் மழையாகப் பெய்து அணையில் தேங்கி வரும் அந்தத் தண்ணீர் மென்னீர் என்பது நாக்குக்கும் தெரியும், சோப்புக்கும் தெரியும். கிழக்கே சூலூர், பல்லடம், அவிநாசிப் பக்கம் போனால் ஆயிரம் அடிக்கும் கீழே போர் போட்டவர்களைச் சாதாரணமாகப் பார்க்கலாம். பாறைக்குள் நெடுங்காலம் கிடந்த அந்தத் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் நிறையக் கரைந்திருக்கும். அதைத்தான் கடினத்தன்மை என்கிறோம்.

ஆர்.எஸ்.புரத்தில் மூன்று விசிலில் குழைந்த துவரம்பருப்பு, வீடு மாறிப் புறநகருக்குப் போனதும் ஆறு விசிலுக்கும் அசையாது. பருப்பு பழசு என்று கடைக்காரரைத் திட்டுவார்கள், குக்கர் கேஸ்கட்டை மாற்றுவார்கள். என்றைக்காவது போர் மோட்டார் ஓடாமல் கேன் தண்ணீரில் பருப்பு வைக்க நேரும். அன்றைக்கு அது வெண்ணெயாகக் குழையும். குற்றவாளி பிடிபட்டுவிட்டான். பருப்பின் செல்களை ஒட்டி வைத்திருப்பது பெக்டின் என்ற பசை. வேகும்போது அது கரைய வேண்டும். தண்ணீரில் கால்சியம் இருந்தால் அது பெக்டினைப் பிடித்துக் கெட்டியாக்கிவிடும். வெளியே அடுப்பு எவ்வளவு எரிந்தாலும் உள்ளே பசை இளகாது.

இதற்குச் சோடா உப்பு ஒரு சிட்டிகை போடுவது பழைய வழக்கம். வேலை செய்யும், ஆனால் பருப்பில் இருக்கும் பி1 வைட்டமினை அது அழித்துவிடும். அதைவிட நல்ல வழி, குழம்புத் தண்ணீருக்கும் பருப்பு வேகவைக்கவும் மட்டும் நல்ல தண்ணியைத் தனியாக ஒரு குடத்தில் வைத்துக்கொள்வது. புளியையும் தக்காளியையும் பருப்பு வெந்த பிறகு சேருங்கள். புளிப்பும் பெக்டினைக் கரைய விடாது. அரிசிம்பருப்புச் சாதத்தில் தக்காளியோடு சேர்ந்து வெந்தும் பருப்பு குழையாமல் முத்து முத்தாக நிற்பதற்கு இந்தப் புளிப்பும் ஒரு காரணம். அங்கே நமக்கு வேண்டியது அதுதான்.

உப்பை முதலிலேயே போட்டால் பருப்பு வேகாது என்று சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். சமையல் உப்பில் இருப்பது சோடியம். அது பெக்டினைப் பிடித்திருக்கும் கால்சியத்தைக் கொஞ்சம் விலக்கி இடம் பிடித்துக்கொள்ளும். கொள்ளு, தட்டப்பயிறு, மொச்சை இவற்றை இரவே உப்புக் கரைத்த தண்ணீரில் ஊறப் போட்டால் தோல் சீக்கிரம் இளகும். ஒரே பயிறை இரண்டு கிண்ணத்தில், ஒன்றில் உப்போடும் ஒன்றில் உப்பில்லாமலும் ஊறவைத்துப் பாருங்கள். நான் சொல்வதை நம்ப வேண்டிய அவசியமே இருக்காது.

இட்லிக் குண்டாவில் ஒரு துண்டு புளியோ, பிழிந்த எலுமிச்சைத் தோலோ போட்டு வைப்பதைப் பல வீடுகளில் பார்த்திருப்பீர்கள். அலுமினியக் குண்டா உள்ளே கறுக்காமல் இருக்க. உப்புத் தண்ணி கொதிக்கக் கொதிக்கக் காரத்தன்மை கூடும். காரம் அலுமினியத்தின் மேலிருக்கும் மெல்லிய காப்புப் படலத்தைத் தின்று கறுப்பாக்கும். துளிப் புளிப்பு அதைச் சமன் செய்துவிடும். கூடவே வெள்ளைச் செதிலும் படியாது. கொதிக்கும்போது தண்ணீரில் கரைந்திருந்த கால்சியம் பைகார்பனேட் உடைந்து சுண்ணாம்பாக அடியில் படிகிறது. அந்தச் சுண்ணாம்பைப் புளிப்பு கரைத்துவிடும். ஹீட்டர் காயிலிலும் கெட்டிலிலும் படியும் வெள்ளைக் கட்டியும் இதே பொருள்தான். கெட்டிலில் தண்ணீரோடு ஒரு கரண்டி எலுமிச்சை உப்பைப் போட்டுக் கொதிக்கவைத்து ஒரு மணி நேரம் விட்டால் நுரைத்துக் கரையும். கத்தியால் சுரண்ட வேண்டாம்.

குண்டாவில் ஒரு காசைப் போட்டு வைப்பதும் உண்டு. தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்வரை அது கடகடவென்று ஆடும்; சத்தம் நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது. வீட்டுக்கு வீடு மின்னணுக் கடிகாரம் வந்த பிறகும் இதைவிட மலிவான எச்சரிக்கை மணி வரவில்லை.

புளிப்பு சுண்ணாம்பைக் கரைக்கும் என்று தெரிந்துகொண்டால் அதை எங்கே பயன்படுத்தக் கூடாது என்பதும் கூடவே தெரிய வேண்டும். சமையல் மேடையில் கடப்பா கல் போட்டிருந்தால் எலுமிச்சை மூடியால் தேய்க்காதீர்கள். கடப்பா கல்லே ஒரு சுண்ணாம்புப் பாறைதான். புளிப்புப் பட்ட இடம் அரித்து வெளுத்து நிற்கும். மார்பிளுக்கும் இதே கதி. கிரானைட்டுக்கு இந்தப் பயம் இல்லை.

எவர்சில்வர் பாத்திரத்துக்கு வேறு பகை. அந்த உலோகமே தற்செயலும் தேடலும் கலந்து வந்தது. 1913-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துப்பாக்கிக் குழலுக்குத் தேயாத எஃகைத் தேடிக்கொண்டிருந்தார். குரோமியம் அதிகம் சேர்த்த ஒரு மாதிரியில் சோதனைக்கான அமிலம் ஏறவில்லை. வினிகருக்கும் எலுமிச்சைச் சாறுக்கும்கூட அது அசையவில்லை. துப்பாக்கிக்குத் தேடியது சாப்பாட்டு மேசைக் கத்திக்குப் போய்ச் சேர்ந்தது. குரோமியம் காற்றோடு சேர்ந்து மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு தோலைப் போர்த்திக்கொள்வதால்தான் துரு ஏறுவதில்லை. புளிப்பைத் தாங்கும் அந்தத் தோல் உப்பைத் தாங்காது. பச்சைத் தண்ணீரில் கல்லுப்பைப் போட்டு அப்படியே விட்டால் உப்பு அடியில் உட்கார்ந்து, அந்த இடத்தில் தோலைக் குத்திப் புள்ளி புள்ளியாக்கிவிடும். தண்ணீர் கொதித்த பிறகு உப்பைப் போட்டுக் கலக்குங்கள். பழைய அண்டாக்களின் அடியில் வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் அதன் வரலாறு இதுதான், தேய்த்தால் போகாது.

உப்புத் தண்ணியில் சோப்பு நுரைக்காமல் தலையில் பிசுபிசுவென்று ஒட்டுவதும் கால்சியத்தின் வேலைதான். சோப்பின் கொழுப்பு அமிலமும் கால்சியமும் சேர்ந்து கரையாத திட்டாகிவிடுகிறது. கொங்குப் பக்கத்தில் அரப்பு தேய்த்துக் குளிக்கும் பழக்கம் நின்று நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்பது என் எண்ணம். உசிலை மரத்தின் இலையைக் காயவைத்து அரைத்ததுதான் அரப்புத் தூள். அதில் நுரை தருவது சபோனின். சோப்பைப் போல அது கால்சியத்தோடு சேர்ந்து திட்டாவதில்லை. சீயக்காயும் இப்படியே. எண்ணெய்க் குளியலில் மீந்த அரப்பால் எண்ணெய்ச் சட்டியைத் துலக்கிய கைக்கு அது பிசுக்கையும் எடுக்கும் என்று தெரிந்திருக்கும்.

தண்ணீரை விட்டுவிட்டுத் தானியத்துக்கு வருவோம். வண்டு இல்லாத வீடு இல்லை.

பயறு வகைகளில் விளக்கெண்ணெய் தடவி வைப்பது நம் ஊரில் நெடுநாள் வழக்கம். கையில் எண்ணெய்ப் பசையோடு பயிறை அள்ளிப் போட்டதில் ஆரம்பித்திருக்கலாம், செக்கில் எண்ணெய் பட்ட சாக்கில் கொட்டி வைத்ததில் ஆரம்பித்திருக்கலாம். ஒரு கிலோ பச்சைப்பயிறுக்கு இரண்டு சிறு கரண்டி எண்ணெய் விட்டுப் பிசறி வைத்தால் வண்டு வைப்பது வெகுவாகக் குறையும். ஏன்? பயறு வண்டு தன் முட்டையைப் பயிறின் மேல்தோலில் ஒட்டி வைக்கிறது. பச்சைப்பயிறு, தட்டப்பயிறின் மேல் வெள்ளைப் பொட்டு மாதிரி தெரிவது அந்த முட்டைதான். எண்ணெய்ப் படலம் மூடினால் முட்டைக்குக் காற்றுப் போகாது, புழு வெளிவராது.

இதைக் கேட்டுவிட்டு அரிசிக்கும் எண்ணெய் தடவுகிறவர்கள் உண்டு. அங்கே அது எடுபடாது. அரிசி வண்டு மூக்கால் அரிசியில் துளை போட்டு, உள்ளே முட்டையிட்டு, துளையை அடைத்துவிடும். வெளியே எண்ணெய் தடவி என்ன பயன்? உள்ளே பத்திரமாக வளர்ந்து ஓட்டை போட்டுக்கொண்டு வரும். அரிசிக்கு ஏற்றது குளிர். இடம் இருந்தால், வாங்கிய பொட்டலத்தை அப்படியே ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்துவிட்டுப் பிறகு டப்பாவில் கொட்டுங்கள். முட்டை, புழு, வண்டு மூன்றும் முடிந்துவிடும். வெளியே எடுத்ததும் பொட்டலத்தைப் பிரிக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள், இல்லையென்றால் ஈரம் கோத்துக்கொள்ளும். ரவையை வறுத்து வைப்பதும் இதே கணக்குத்தான்: சூடு முட்டையைக் கொல்கிறது, ஈரமும் போகிறது.

துவரையில் செம்மண் கட்டி வைப்பதைக் கிராமத்தில் பார்த்தவர்கள் இருப்பீர்கள். செம்மண்ணைக் கரைத்துத் துவரை மேல் பிசறிக் காயவைப்பார்கள். தோல் எளிதாகக் கழலும் என்பது முதல் காரணம். நுண்ணிய மண்தூள் பூச்சியின் உடல் மேலுள்ள மெழுகுப் பூச்சைச் சுரண்டிவிடுவதும், அது உடல் ஈரத்தை இழந்து காய்ந்து சாவதும் கூடுதல் லாபம். சாம்பல் போட்டு விதை காப்பதும் இந்த முறையில்தான் வேலை செய்கிறது. ஆகவே மண்ணும் சாம்பலும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரச் சாம்பலால் ஒரு பயனும் இல்லை.

இந்த வண்டுகளின் இன்னொரு குணத்தைக் கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் அழகாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். தானியக் குவியலுக்குள் இருக்கும் பூச்சி காற்று வரும் இடத்தை நோக்கி ஊர்ந்து வரும். 2 மில்லிமீட்டர் துளைகள் போட்ட ஒரு குழாயை அரிசிக்குள் செருகி வைத்தால், காற்றைத் தேடித் துளை வழியே நுழைந்த வண்டு அடியிலிருக்கும் கூம்புக்குள் விழுந்துவிடும். ஏறி வர முடியாது. மருந்து இல்லை, மின்சாரம் இல்லை. அரிசி டிரம் திறந்து கிடந்தால் வண்டெல்லாம் மேலே வந்து நிற்பதை எத்தனையோ தலைமுறை பார்த்திருக்கிறது. அதைக் கருவியாக்க ஒருவர் வேண்டியிருந்தது.

மாவு விஷயத்துக்குப் போகாமல் கோயமுத்தூரைப் பற்றி எழுத முடியாது. 1955-ல் பி. சபாபதி இங்கே மின்சார ஆட்டுக்கல்லைக் கொண்டுவந்தது முதல் ஊரே கிரைண்டர் ஊராகிவிட்டது. கல் மெதுவாகச் சுற்றுவதால் மாவு சூடாவதில்லை, உளுந்து நன்றாகக் காணும். மிக்ஸியில் பிளேடு வேகத்தில் சூடேறும், அதனால் உளுந்து எழும்பாது. ஃப்ரிட்ஜ் தண்ணீரோ ஐஸ் கட்டியோ சேர்த்து அரைத்தால் மிக்ஸி மாவும் காணும் என்பது, கிரைண்டர் ரிப்பேரான ஏதோ ஒரு வீட்டில் தெரிந்த சங்கதியாக இருக்க வேண்டும்.

மாவைக் கையால் கரைத்தால்தான் பொங்கும் என்று ஒரு கட்சி இங்கே பலமாக உண்டு. கைராசி பற்றி நான் வாதாட வரவில்லை. ஆனால் 1965-ல் வெளிவந்த ஒரு ஆய்வு, இட்லி மாவைப் பொங்கவைப்பதில் முக்கிய வேலை லூக்கோநாஸ்டாக் மெசென்டெராய்டஸ் என்ற பாக்டீரியாவுடையது என்று காட்டியது. புளிப்பையும் வாயுவையும் அதுவே தருகிறது. உளுந்தோடும் அரிசியோடும் அது தானாகவே வந்துவிடுகிறது. கரண்டியால் கரைத்த மாவும் பொங்கும். அதற்கு வேண்டியது கதகதப்பு. மார்கழியில் மாவு அப்படியே கிடப்பதற்குக் காரணம் கையல்ல, குளிர். இன்வெர்ட்டர் பக்கத்தில் வைத்த மாவு பொங்கி வழிந்ததைப் பார்த்து அங்கேயே இடம் ஒதுக்கிய வீடுகள் எனக்குத் தெரியும். விளக்கை மட்டும் போட்ட ஓவனுக்குள் வைத்தாலும் சரி. பாத்திரத்தின் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள்.

உளுந்து ஊறும்போது நாலைந்து கொட்டமுத்தை, அதாவது ஆமணக்கு விதையை, தோல் நீக்கிச் சேர்ப்பது இங்கே சில வீட்டு வழக்கம். இட்லி பஞ்சு மாதிரி வரும் என்பார்கள். வரும். ஆனால் ஆமணக்கு விதையில் ரிசின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. ஆவியில் வெந்தால் அது அழியும், பச்சையாக அழியாது. உப்புப் பார்க்க மாவை நாக்கில் வைக்கும் பழக்கம் உள்ள வீட்டிலும், குழந்தைகள் கைவைக்கும் இடத்திலும் இது வேண்டாம். பழக்கம் இல்லாதவர்கள் புதிதாக ஆரம்பிக்கவே வேண்டாம். நல்ல உளுந்து போதும்.

ஊத்துக்குளி வெண்ணெயை உருக்கும்போது முருங்கைக்கீரை போடுவதை வாசனைக்கு என்றுதான் நினைக்கிறோம். அது ஒரு அளவுமானியும்கூட. கீரையிலும் வெண்ணெயிலும் இருக்கும் தண்ணீர் போனால்தான் இலை மொறுமொறுப்பாகும். இலை நொறுங்கும் பதம் வந்து சலசலப்பும் அடங்கினால் நெய்யில் ஈரம் இல்லை, கெடாது. அப்போதே இறக்குங்கள், அரை நிமிஷம் தாண்டினால் கருகும்.

நெகமம் சேலைக்கு வடிகஞ்சி போட்டு விறைப்பாகக் கட்டுவது அழகுதான். கஞ்சியோடு மடித்து மாதக்கணக்கில் பீரோவில் வைப்பதுதான் தப்பு. இராமபாணப் பூச்சிக்கு மாவுச்சத்து என்றால் விருந்து. சேலையையும் சேர்த்துத் தின்னும். நெடுநாள் வைக்கப்போகும் சேலையைக் கஞ்சி போக அலசிக் காயவைத்து வையுங்கள், கட்டுவதற்கு முதல் நாள் கஞ்சி போட்டுக்கொள்ளலாம். துடைக்கத் துணி வேண்டுமென்றால் திருப்பூர் பனியன் வேஸ்ட்டுக்கு நிகர் கிடையாது. பின்னலாடைப் பருத்தியின் வளையங்களுக்கு நடுவே ஈரம் தேங்க இடம் உண்டு. பட்டறைக்காரர்கள் கிலோ கணக்கில் வாங்குவது சும்மாவா?

கடைசியாகக் குளியலறை. உப்புத் தண்ணி டைல்ஸில் வெள்ளையாகப் படியும், குழாய் முனையில் கட்டி கட்டும். சோடா உப்பையும் வினிகரையும் கலந்து ஊற்றச் சொல்லும் குறிப்பு இப்போது எங்கும் சுற்றுகிறது. நுரை பொங்குவதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஒன்று காரம், ஒன்று புளிப்பு. கலந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு கடைசியில் மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்பு கரைந்த தண்ணீர். சுண்ணாம்புப் படிவுக்கு வினிகரை மட்டும் தடவி அரை மணி நேரம் விட்டுத் தேயுங்கள். எண்ணெய்ப் பிசுக்குக்குச் சோடா உப்பை மட்டும் போடுங்கள்.

இதனால் நேரமும் காசும்தான் வீண். இன்னொரு கலவை உயிருக்கே ஆபத்து. சைக்கிளில் விற்க வரும் டாய்லெட் ஆசிட்டை ஊற்றியும் கறை போகவில்லை என்று, அதன் மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவுகிறார்கள். அமிலமும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். சன்னல் மூடிய சின்னக் குளியலறையில் அது நுரையீரலைச் சுட்டுவிடும். ஒன்றைப் பயன்படுத்திய அன்றைக்கு மற்றதைத் தொடாதீர்கள், இரண்டு பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் தண்ணீர் ஊற்றிக் கழுவலாம் என்று நிற்காமல் வெளியே வந்து கதவைத் திறந்து விடுங்கள். மூச்சு இழுத்தாலோ நெஞ்சு எரிந்தாலோ 108-ஐ அழையுங்கள். டைல்ஸ் கறைக்கு ஆசிட்டே தேவையில்லை. ஒரு சொம்பு வெந்நீரில் இரண்டு கரண்டி எலுமிச்சை உப்பைக் கரைத்து, பழைய பனியன் துணியை அதில் நனைத்துக் கறை மேல் போர்த்தி, ஒரு மணி நேரம் கழித்துத் தேய்த்துக் கழுவுங்கள். குழாய் முனைக்கு அதே தண்ணீரை ஒரு பிளாஸ்டிக் பையில் ஊற்றி ரப்பர் பேண்டால் கட்டித் தொங்கவிட்டால் போதும். கட்டி தானாக உதிரும்.